எஸ் சோடியா, பி சோடியா: நியூத்திரன் விண்மீனுக்குள் எதை நம்புவது?

நியூத்திரன் விண்மீனுக்குள், அதாவது பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் செறிந்த உருண்டைக்குள், உராய்வில்லாமல் ஓடும் மீப்பாய்மம் இருக்கிறது என்பதில் இன்று பெரிய சண்டை இல்லை. 1957இல் பாடீன், கூப்பர், சிரீபர் மூவரும், தடையின்றி மின் கடத்தும் மீக்கடத்திகளில் இலத்திரன்கள் சோடி சேர்வதாகச் சொன்ன விளக்கத்தை, 1959இலேயே மிக்டால் அங்கே கொண்டுபோய்விட்டார். சண்டையெல்லாம் நியூத்திரன்கள் எப்படிச் சோடி சேர்கின்றன, அந்தப் பிணைப்பு எவ்வளவு பலமானது என்பதில்தான். ஸ்பின்கள் (துகள்களின் உள்ளார்ந்த சுழற்சி) எதிரெதிராக, சுற்றுக் கோண உந்தம் இல்லாமல் சேர்வது எஸ் சோடி. ஸ்பின்கள் ஒரே பக்கமாக, ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே சேர்வது பி சோடி. முதலாவது மேலோட்டில், இரண்டாவது மையத்தில் என்பது வழக்கமான கணக்கு.

வெள்ளவத்தையில் உயர்தர வகுப்பு முடிந்து நான் வெண்பலகையை அழித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெடியன் கேட்டான்: "சேர், ஹீலியமே 2.17 கெல்வினுக்குக் கீழ போனாத்தானே மீப்பாய்மம்? அங்க பத்துக் கோடி கெல்வின் சூடெல்லோ?" நியாயமான கேள்வி. ஆனால் அணுக்கரு உலகின் சக்தி அலகான மெகா இலத்திரன்வோல்ட் ஒன்று என்றாலே ஏறக்குறைய 1,160 கோடி கெல்வின். நெருக்கி அடைக்கப்பட்ட நியூத்திரன்களின் சக்தியோ அதைப்போலப் பல மடங்கு. அந்த ஊர்க் கணக்கில் பத்துக் கோடி நல்ல குளிர்.

எஸ் சோடிக்குப் பலம், அதன் விசை நமக்கு நன்றாகத் தெரியும் என்பது. குறைந்த சக்தியில் இரண்டு நியூத்திரன்களுக்கிடையே உள்ள கவர்ச்சி இன்னும் கொஞ்சம் கூடியிருந்தால் அவை தனியே ஒட்டிக்கொண்டே நின்றிருக்கும். மேலோட்டில், கன சென்ரிமீற்றருக்கு 40,000 கோடி கிராம் அடர்த்தியைத் தாண்டியதும் கருக்களிலிருந்து நியூத்திரன்கள் கசியத் தொடங்குகின்றன. சோடி சேர்வதும் அங்கேதான். பழைய நேரடிக் கணக்கு, சோடியின் பலத்தைக் காட்டும் சக்தி இடைவெளியை 3 மெகா இலத்திரன்வோல்ட் அளவுக்குக் காட்டியது. சுற்றியுள்ள நியூத்திரன்களின் குறுக்கீட்டைச் சேர்த்தால் அது குறைகிறது. அடர்த்தி மிகக் குறைந்த இடத்தில்கூடப் பாதிக்கும் கீழே போகும் என்று கோர்கோவும் மெலிக்-பர்குதாரோவும் 1961இலேயே காட்டினார்கள். ஆழம் போகப்போக, மிக நெருங்கினால் தள்ளும் உள்விலக்கம் மேலோங்கி எஸ் சோடி செத்துவிடும். மொத்தத்தில் இரண்டு மடங்குக்குள் அடங்கும் சந்தேகம். சரி, அதோடு வாழலாம்.

பி சோடியின் நிலை அப்படியில்லை. ஆழத்தில் அதைச் சேர்த்துவைப்பது ஸ்பினுக்கும் சுற்றுப்பாதைக்கும் இடையிலான விசை. 1970இலிருந்து இந்தக் கதை இருக்கிறது. ஆனால் அணுக்கரு விசை மாதிரிகள் சிதறல் சோதனைகளோடு பொருத்தப்பட்டிருப்பது சுமார் 350 மெகா இலத்திரன்வோல்ட் வரைதான். அதற்கு மேலே ஒவ்வொரு மாதிரியும் தன் பாட்டுக்குப் போகிறது. மூன்று துகள் விசை வேறு குழப்புகிறது. இடைவெளியோ விசையை அடுக்குக்குறியாகச் சார்ந்தது: சின்ன மாற்றம், பெரிய வித்தியாசம். வரைபடத்தில் எஸ் வளைகோடுகள் ஒரே குன்றைச் சுற்றி நிற்கும். பி வளைகோடுகள் கிட்டத்தட்டப் பூச்சியத்திலிருந்து ஒரு மெகா இலத்திரன்வோல்ட்டுக்கு மேல் வரை சிதறிக் கிடக்கும்.

சாட்சிகளைப் பார்ப்போம். 1969இல் வேலா துடிவிண்மீனின் (சுழன்றபடி துடிப்புகளை அனுப்பும் நியூத்திரன் விண்மீன்) 89 மில்லிசெக்கன் சுழற்சிக்காலம் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு திடீரென்று குறைந்தது. அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் அதைப் பிடித்தவர்களில் ஒருவர் வெ. ராதாகிருஷ்ணன், சி. வி. ராமனின் மகன். பழைய நிலைக்குத் திரும்ப நீண்ட காலம் எடுத்தது, உள்ளே உராய்வில்லாத பாய்மம் இருப்பதன் அடையாளம். பி சோடிக்குச் சாட்சி, கசியோப்பியா ஏ என்ற வெடிப்பு மிச்சத்தின் நடுவே உள்ள நியூத்திரன் விண்மீன். அதன் வெப்பநிலை சுமார் பத்தாண்டில் 4 சதவீதம் இறங்கியதாக 2010இல் சொன்னார்கள். மையத்து நியூத்திரன்கள் இப்போதுதான் சோடி சேர்ந்து நியூத்திரினோ என்ற நுண்துகள்களைக் கொட்டி வெப்பத்தை இழக்கின்றன என்று அடுத்த ஆண்டே விளக்கமும் வந்தது. அழகான விளக்கம். ஆனால் சந்திரா தொலைநோக்கி வேறு முறையில் எடுத்த தரவில் அந்த இறக்கம் அவ்வளவு தெளிவாக இல்லை. ஆகவே இதை மட்டும் வைத்து பி சோடி நிரூபணமாகிவிட்டது என்று நான் எழுதமாட்டேன். பி சோடி இயற்கையில் சாத்தியம் என்பதை 1972இல் ஹீலியத்தின் இலேசான வகையான ஹீலியம்-3 காட்டிவிட்டது. எனக்கு நம்பிக்கை வராதது மையத்தில் அதன் அளவில்தான்.

எஸ் பக்கமும் முழுக்கச் சுத்தமில்லை. மேலோட்டு நியூத்திரன்கள் படிக அணியோடு ஓரளவு ஒட்டி இழுபடுகின்றன. அந்த இழுவை பலமாக இருந்தால் வேலாவின் துள்ளல்களுக்கு (மேலே சொன்ன திடீர் சுழற்சி மாற்றங்களுக்கு) மேலோடு மட்டும் போதாது என்று 2012இல் கணக்குகள் வந்தன. அப்படியானால் மிச்சத்துக்கு மையத்துக்குள்ளும் இறங்க வேண்டும். இழுவை எவ்வளவு என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது.