இனிப்பூட்டிய மாட்டிறைச்சி ஜெர்க்கி: இறைச்சி மட்டும் உண்பவரின் மதிப்பீடு

இறைச்சியை மட்டுமே உண்ணும் கார்னிவோர் முறையைப் பின்பற்றும் நான், பயணத்துக்கு உதவும் என எண்ணி, அமெரிக்கத் தயாரிப்பான இனிப்பூட்டிய மாட்டிறைச்சி ஜெர்க்கியை (நம் உப்புக்கண்டத்தின் தூரத்து உறவு எனலாம்) வாங்கினேன். 28 கிராமில் 10 கிராம் புரதமும் 6 கிராம் சர்க்கரையும் இருப்பதாக உறை கூறுகிறது. அதாவது புரதம் தரும் 40 கலோரியுடன் சர்க்கரையின் 24 கலோரியும் சேர்ந்தே உள்ளே போகிறது. வெறும் உப்பிட்டு வாட்டிய இறைச்சியாக இருந்தால் ஓரளவுக்குமேல் கை தானாக நின்றுவிடும். இதிலோ, இனிப்பு நாவைத் தூண்டிக்கொண்டே இருந்ததால், பொட்டலம் தீர்ந்த பின்னும் பசி அடங்கவில்லை. புரதத் தேவை நிறையும்வரை உடல் உணவை நாடும் என்று 2005இல் சிம்ப்சன், ராபென்ஹைமர் ஆகிய ஆய்வாளர்கள் முன்வைத்த கருதுகோள் இவ்வனுபவத்துக்குப் பொருந்துகிறது; சர்க்கரை சேரும்போது அதே கலோரியில் புரதத்தின் பங்கு குறைகிறதே. சுவை அருமை, குறையும் அதுவே. சர்க்கரை சேர்க்காத வகை கிடைத்தால் மட்டுமே மீண்டும் வாங்குவேன்.