பெட்டியா, சக்கர சென்சாரா? ரீமேப் செய்த டி-ஜெட்டுக்கு டிராக்‌ஷன் கன்ட்ரோல்

என் ஃபியட் லீனியா டி-ஜெட், டர்போ பெட்ரோல் கார்; கம்பெனியிலிருந்து வரும்போதே 207 நியூட்டன் மீட்டர் டார்க் உள்ள வண்டி. பவரைக் கூட்ட இன்ஜின் கணினியின் செட்டிங்கை மாற்றும் ரீமேப்புக்கு அப்புறம், டர்போ பிடிக்கிற நொடியில் இரண்டாவது கியரிலேயே முன்சக்கரங்கள் சும்மா சுற்ற ஆரம்பித்தன. காய்ந்த தரையில் ஆக்ஸிலரேட்டரை அளவாக மிதித்துச் சமாளிக்கலாம். ஆனால் ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்ச் சாரல் கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி ரேஸ் டிராக்கை நனைத்துவிட்டால், வளைவைவிட்டு வெளியே வரும்போது ஸ்டீயரிங் கையில் கனமே இல்லாமல் போகும்.

சக்கரம் வழுக்கும்போது தானாகவே பவரைக் குறைப்பதுதான் டிராக்‌ஷன் கன்ட்ரோல். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் போட்டு ஓட்டிவிட்டேன்.

முதலில் போட்டது தனிப்பெட்டி. இன்ஜின் சுற்றும் வேகமான ஆர்பிஎம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை மட்டும் அது பார்க்கும். நாம் வைத்த அளவைத் தாண்டினால் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும், இல்லாவிட்டால் சில ஸ்பார்க்குகளையே வெட்டும். விலை குறைவு, வயரிங்கும் அரை நாள் வேலைதான்.

இன்ஜினை ஆளும் கணினியான ஈசியுவைத் தனியாக மாட்டும் வழி அப்படியல்ல. நான்கு சக்கரத்துக்கும், சுற்றும் வேகத்தைக் காந்தத்தால் அறியும் ஹால் சென்சார் வேண்டும். ஏபிஎஸ் பிரேக்கின் சென்சார் வயரைத் தொட மனம் வராததால், கோவை கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையில், சென்சார் பார்ப்பதற்கான பல்வளையம் கடைந்து வாங்கினோம். டாஷ்போர்டு மீட்டர் வேலை செய்வதற்காகப் பழைய ஈசியுவும் கூடவே இருக்கிறது. செலவு பல மடங்கு.

ஆனாலும் நான் இதன் பக்கம்தான். காரணம் ஒன்றே: சக்கரம் வழுக்குகிறது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்கிறது?

பெட்டிக்குத் தெரிவது ஏறும் வேகம் மட்டும். முதல் கியரில் ஆர்பிஎம் இயல்பாகவே வேகமாக ஏறும், மூன்றாவதில் மெதுவாக ஏறும். இரண்டாவதுக்குச் சரியாக வைத்தால், மூன்றாவதில் வழுக்குவது அதன் கண்ணில் படுவதில்லை. சாரலில் சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டுப்போகும். அதைப் பெட்டி நல்ல பிக்கப் என்று எடுத்துக்கொள்ளும். ஒரே வேகத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தாலோ ஆர்பிஎம் ஏறுவதே இல்லை, அதனால் பெட்டியும் பேசாமல் இருந்துவிடும்.

"அண்ணா, பின்சக்கரம் பொய் சொல்லாதுங்க" என்றார் ட்யூன் செய்த தம்பி. முன்சக்கர ஓட்டமுள்ள வண்டியில் பின்சக்கரங்கள் வெறுமனே உருளுவதால், அவைதான் உண்மையான வேகம். முன்சக்கரம் அதைவிட 10 முதல் 15 சதவீதம் கூடுதலாகச் சுற்றும்போதுதான் ரோடு டயர் நன்றாக இழுக்கும். அதற்கு மேல் போனால்தான் ஈசியு பவரைக் குறைக்கிறது. வளைவில் முன்சக்கரம் பெரிய வட்டத்தில் ஓடுவதால் அங்கே கொஞ்சம் விட்டுக்கொடுத்து செட் செய்ய வேண்டும். டயர் மாற்றினாலும் சுற்றளவைத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

பராமரிப்பும் சேர்ந்தே வரும். ஒரு நாள் நேர்ப்பாதையில் திடீரென்று பவர் செத்துப்போனது. ஈசியு பதிவு செய்திருந்த லாகைத் திறந்தால், இடது பின்சக்கரத்தின் கோடு மட்டும் 80-லிருந்து 0-வுக்கு விழுந்திருந்தது. அதை நம்பி, முன்சக்கரம் வழுக்குகிறது என்று ஈசியு பவரைக் குறைத்துவிட்டது. சக்கரத்தைக் கழற்றினோம். சென்சார் முனையில் பிரேக் தூளின் இரும்பு கருப்பு மீசை மாதிரி ஒட்டியிருந்தது. உள்ளே காந்தம் இருக்கிறதே. துடைத்து, சென்சாருக்கும் பல்வளையத்துக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் இடைவெளியை ஃபீலர் கேஜில் பார்த்து மாட்டினோம். இப்போது இரண்டு பின்சக்கரங்களில் எது வேகம் அதிகமோ அதையே கணக்கில் எடுக்க ஈசியுவுக்குச் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு முறை டிராக்கிலிருந்து வந்ததும் துணியால் துடைத்துவிடுகிறேன்.

ஒன்று சொல்லியாக வேண்டும். ஸ்பார்க்கை வெட்டினால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் எரிந்து, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுடும். பெட்டிக்கு ஸ்பார்க்கைத் தொடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஈசியுவில் இன்ஜெக்டரையே நிறுத்தலாம்.

பின்சக்கர ஓட்டமுள்ள வண்டியில் நான் இவற்றை ஓட்டிப் பார்த்ததில்லை. அதனால் அவர்களுக்கு இதே தீர்ப்பைச் சொல்ல மாட்டேன். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் வேலையை இரண்டுமே செய்யாது. உள்பக்கச் சக்கரம் சுற்றினால் பவரைக் குறைக்கத்தான் தெரியும், வெளிச்சக்கரத்துக்கு மாற்றத் தெரியாது.

பழைய பெட்டி மச்சானிடம் இருக்கிறது. அவர் காய்ந்த தரையில் நேராகக் கால் மைல் ஓடும் டிராக் ரேஸ் மட்டும்தான் ஓட்டுகிறார். அவருக்கு அது போதும்.