கோடா, செயலியா, முன்னவர் தடமா: மலைச் சைக்கிளுக்கு வழி வரைதல்

குன்றும் பள்ளமுமான நாட்டுப்புறத்தில் மலைச் சைக்கிள் ஓட்ட வழி வரைபவருக்கு இன்று மூன்று துணைகள் உண்டு. ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் போட்ட நிலவரைபடம் ஒன்று. இரண்டு புள்ளிகளைத் தொட்டதும் வழி போட்டுத் தரும் செயலி இன்னொன்று. ஏற்கெனவே ஓட்டியவர்கள் விட்டுச்சென்ற ஜிபிஎஸ் தடங்கள் மூன்றாவது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னால் என் கை வரைபடத்துக்குத்தான் போகும். இதில் பழமைப் பற்று ஏதும் இல்லை. எந்தப் பாதையில் போவது என்பதைவிட, அதை எந்தப் பக்கமிருந்து ஓட்டுவது என்பதே மலைச் சைக்கிளுக்கு முதல் கேள்வி. அதற்குக் கோடுகள் தரும் பதில் மற்ற இரண்டிலும் தெளிவாகக் கிடைப்பதில்லை.

கணக்கு எளிது. 1:25,000 வரைபடத்தில் 10 மீட்டருக்கு ஒரு கோடு என்று வையுங்கள். பாதை நெடுக அடுத்தடுத்த கோடுகளுக்கு நடுவே 4 மில்லிமீட்டர் இருந்தால் அது 10 விழுக்காடு ஏற்றம், அதாவது 100 மீட்டர் தூரத்துக்கு 10 மீட்டர் உயரம். 2 மில்லிமீட்டர் என்றால் 20 விழுக்காடு. 1:50,000 வரைபடத்தில் 20 மீட்டருக்கு ஒரு கோடு இருந்தாலும் இதே அளவுதான் வரும். கெட்டியான மண்சாலையில் 10 விழுக்காடு மூச்சு வாங்க வைக்கும், ஆனால் ஏறிவிடலாம். உதிரிக்கல் கிடக்கும் ஒற்றையடிப் பாதையில் 20 விழுக்காடு வந்தால் பின்சக்கரம் வழுக்கும், முன்சக்கரம் தரையை விட்டு எழும். பெரும்பாலானவர்கள் இறங்கித் தள்ளுவார்கள்.

ஒரு குன்றின் இருபுறமும் பாதை இருக்கும்போது இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். காட்டுச்சாலை, மரம் ஏற்றிய லாரி ஏறி இறங்குவதற்காக வெட்டப்பட்டது. அதனால் வளைந்து வளைந்து, கோடுகளை ஏறக்குறைய அணைத்தபடியே உயரும். நடைபாதை மனிதக் காலுக்காக உண்டானது. கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நேராக மேலே போய்விடும். ஆகவே சாலையில் ஏறி நடைபாதையில் இறங்குவதுதான் பொதுவான முறை. அதே வட்டத்தைத் திருப்பி ஓட்டினால் தூரமும் மாறாது, மொத்த ஏற்றமும் மாறாது, நாள் மட்டும் பாழாகும். செயலியின் சுருக்கப் பட்டியலில் இரண்டு வட்டங்களும் ஒன்றுபோலவே தெரியும்.

வரைபடத்துக்கும் கண் மறைவு உண்டு. இரண்டு கோடுகளுக்கு நடுவே எட்டு மீட்டர் இறங்கி மறுபடி எட்டு மீட்டர் ஏறும் ஓடைப்பள்ளம் அதில் பதிவாகாமலே போகலாம். அப்படிப் பத்துப் பள்ளங்கள் இருந்தால் கால் தசைக்குத் தெரியும், தாளுக்குத் தெரியாது. தரை வேரா, படிக்கட்டா, சேறா என்பதையும் கோடுகள் சொல்வதில்லை.

அந்த இடத்தில் செயலி கைகொடுக்கிறது. கோமூட், பிரௌட்டர் போன்றவை 2004-இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை நம்பி இயங்குகின்றன. தன்னார்வலர்கள் கட்டிய அந்தத் தரவில் வண்டிப்பாதையின் கெட்டித்தன்மைக்கு ஐந்து தரங்கள் உண்டு; மலைச் சைக்கிளுக்கான கடினத்துக்கு 0 முதல் 6 வரை தனி அளவுகோலும் உண்டு. யாராவது அக்கறையோடு நிரப்பியிருந்தால் இதற்கு ஈடு கிடையாது. நிரப்பாமல் வெறும் ‘பாதை’ என்று மட்டும் குறித்திருந்தால், பூங்கா நடைவழியும் பாறை விளிம்பும் செயலிக்கு ஒன்றுதான். அப்போதும் அது தயங்காமல் அழகான வண்ணக் கோட்டைப் போட்டுத் தரும். எனக்கு அதன் மேல் உள்ள வருத்தம் இதுதான்: தெரிந்ததையும் ஊகித்ததையும் ஒரே தடிமனில் வரைகிறது.

அது காட்டும் மொத்த ஏற்றத்தையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. இத்தகைய பல கருவிகளின் உயரத் தரவுக்கு அடிப்படை, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடாரால் எடுத்த அளவுகள். நுணுக்கமான வடிவத்திலேயே அதன் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். செங்குத்தான மலைப்பக்கத்தில் சமமாகச் செல்லும் ஒரு பாதையை எண்ணிப் பாருங்கள். சரிவு 60 விழுக்காடு என்றால், வரைந்த கோடு பக்கவாட்டில் 10 மீட்டர் விலகினாலே 6 மீட்டர் பொய் உயரம் சேர்ந்துவிடும். இப்படி மேலும் கீழுமாகக் கூட்டிக்கொண்டே போனால் இல்லாத மலையெல்லாம் ஏறிய கணக்கு வரும். அடர்காட்டில் ரேடார் தரையைத் தொடாமல் மர உச்சியை ஒட்டி அளந்துவிடுவதும் உண்டு. ஒரே வழிக்கு இரண்டு செயலிகள் வெவ்வேறு ஏற்றம் சொன்னால் குழம்ப வேண்டாம். கோடுகளை எண்ணிப் பார்ப்பதே தீர்ப்பு.

மூன்றாவது துணை, பிறர் தடம். ஓட்டங்களைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலிக்கு, பலரின் தடங்களை ஒன்றாகக் குவித்துக் காட்டும் வெப்ப வரைபடம் உண்டு. அதில் ஒரு பாதை பிரகாசமாக ஒளிர்ந்தால் அங்கே ஆள் நடமாட்டம் இருக்கிறது, புதர் மூடிப் போகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அந்த ஒளி திசையைச் சொல்லாது. சைக்கிளை ஓட்டினார்களா, தோளில் சுமந்தார்களா என்பதையும் சொல்லாது. தனி ஒருவர் பதிவு செய்த தடக் கோப்பு இதைவிடப் பல மடங்கு பயன் தரும், ஏனென்றால் அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் நேரம் உண்டு. வேகத்தைப் போட்டுப் பாருங்கள். இறக்கத்தில் நீண்ட தூரத்துக்கு மணிக்கு 3 அல்லது 4 கிலோமீட்டர் என்று வந்தால் அவர் இறங்கி நடந்திருக்கிறார். ‘அருமையான பாதை’ என்று அவர் எழுதியிருக்கும் குறிப்பைவிட இந்த எண் நேர்மையானது. நேரமே இல்லாத கோப்பு என்றால் எச்சரிக்கை தேவை. அது யாரும் ஓட்டாமல் திரையில் மட்டும் வரையப்பட்டதாக இருக்கக்கூடும்.

அனுமதி விஷயத்தில் மூன்றும் சறுக்கக்கூடியவை. தடம்தான் மிக மோசம். பலர் போயிருக்கிறார்கள் என்பதால் போக உரிமை வந்துவிடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைப் பாதைகளில் சைக்கிளுக்கு இடம் தந்தது. நடைபாதைகளில் அந்த உரிமை இல்லை. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்போடு செல்பவருக்கு மிகப் பரந்த அனுமதி தருகிறது. ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இரண்டு மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள காட்டுப்பாதையில் பொதுவாகச் சைக்கிள் ஓட்டக் கூடாது. பிரிட்டனின் அரசு நிலவரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த உரிமைகளைத் தனித்தனிக் கோட்டு வகையால் காட்டுவதால் அங்கே வரைபடத்தின் கை ஓங்குகிறது. அப்படிக் குறிக்காத நாடுகளில் பாதை முகப்பில் இருக்கும் பலகைதான் கடைசி வார்த்தை. மாற்று வழி ஒன்றை முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கில் செயலியின் சராசரி வேகம் தள்ளும் பகுதிகளைக் கோட்டைவிடுகிறது. அங்கே மட்டும் நான் 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் நடப்பவர்களுக்குச் சொன்ன கணக்குக்குப் போய்விடுவேன்: ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். சைக்கிளைத் தள்ளுபவருக்கு இதைவிடவும் கூடுதல் நேரம் ஆகக்கூடும்.

வழி முடிவான பிறகு கோப்பைச் சேமிக்கும்போது ஒரு தேர்வு வரும். சில திருப்பப் புள்ளிகளை மட்டும் கொண்ட வடிவத்தில் சேமித்தால், கைப்பிடியில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி தன் சொந்த வரைபடத்தை வைத்து இடைவெளிகளை மறுபடி கணக்கிட்டு, நீங்கள் தவிர்த்த நெடுஞ்சாலைக்கே அனுப்பிவிடக்கூடும். நெருக்கமான புள்ளிகள் கொண்ட தட வடிவத்தில் சேமியுங்கள். தானாக வழி மாற்றும் வசதியை அணைத்துவிடுங்கள்.