பிசி547சி, 2என்5089, எம்பிஎஸ்ஏ13: அதிக கெயின் டிரான்சிஸ்டர்களில் எந்த வேலைக்கு எது?

சிறிய சிக்னலைப் பெருக்க அதிக கெயின் (பேஸ் என்ற காலில் கொடுக்கும் மின்னோட்டம், கலெக்டரிலிருந்து எமிட்டருக்குப் பாயும்போது எத்தனை மடங்காகிறது என்ற எண்) உள்ள என்பிஎன் டிரான்சிஸ்டர் வேண்டும் என்று தேடுபவர் முன் பெரும்பாலும் மூன்று பெயர்கள் வந்து நிற்கும். பிசி547-இன் உயர் கெயின் வகையான பிசி547சி, இரைச்சல் குறைந்ததென்று பெயர் பெற்ற 2என்5089, இரண்டு டிரான்சிஸ்டர்களை ஒரே உறைக்குள் அடக்கிய டார்லிங்டன் வகையான எம்பிஎஸ்ஏ13 ஆகியவையே அவை. மூன்றும் டிஓ-92 என்ற மூன்று கால் பிளாஸ்டிக் உறையில்தான் வருகின்றன. 25 டிகிரி செல்சியஸில் 625 மில்லிவாட் என்ற வெப்ப வரம்பும் பல டேட்டாஷீட்டுகளில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்களில்) மூன்றுக்கும் பொதுவாகவே உள்ளது. கெயின் மட்டும் முறையே 420 முதல் 800 வரை, 400 முதல் 1200 வரை, குறைந்தது 5000 என்று வேறுபடுகிறது. இந்த எண்களை மட்டும் பார்த்து எம்பிஎஸ்ஏ13-ஐ எடுப்பவர் பாதி இடங்களில் தவறான பொருளை எடுக்கிறார் என்பதே என் கருத்து. கெயினுக்குப் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும் அளவீட்டு நிபந்தனையையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

பிசி547சி-க்குச் சொல்லப்படும் 420–800 என்பது கலெக்டர் மின்னோட்டம் 2 மில்லிஆம்பியராக இருக்கும்போது அளந்தது. அதே டிரான்சிஸ்டருக்கு 10 மைக்ரோஆம்பியரில் சுமார் 270, 2 மில்லிஆம்பியரில் சுமார் 520, 100 மில்லிஆம்பியரில் சுமார் 300 என்று வழக்கமான மதிப்புகள் தரப்பட்டுள்ளன. அதாவது கெயின் நடுவில் உயர்ந்து இரு முனைகளிலும் சரிகிறது. 2என்5089-இன் 400–1200 என்ற வரம்போ 100 மைக்ரோஆம்பியரிலேயே உறுதி செய்யப்படுகிறது. எம்பிஎஸ்ஏ13-க்கு 10 மில்லிஆம்பியரில் குறைந்தது 5000, 100 மில்லிஆம்பியரில் குறைந்தது 10,000 என்று கெயின் மின்னோட்டத்தோடு ஏறுகிறது. ஆகவே 2என்5089 மிகச் சிறிய மின்னோட்டத்துக்கும், பிசி547சி நடுத்தரத்துக்கும், எம்பிஎஸ்ஏ13 பெரிய மின்னோட்டத்துக்கும் உரியது.

ரிலே (சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் இயங்கும் சுவிட்ச்) ஓட்டுவதில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 5 வோல்ட் ரிலேயின் சுருள் மின்தடை சுமார் 70 ஓம். அது 71 மில்லிஆம்பியர் இழுக்கும். கெயின் 420 என்று கணக்கிட்டு பிசி547சி-யின் பேஸுக்கு 0.17 மில்லிஆம்பியர் கொடுத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் சாச்சுரேஷன் (டிரான்சிஸ்டர் சுவிட்சாக முழுமையாக ஆன் ஆகியிருக்கும்) நிலைக்கான உறுதிமொழியை டேட்டாஷீட் கலெக்டர் மின்னோட்டத்தில் இருபதில் ஒரு பங்கைப் பேஸுக்குக் கொடுத்துத்தான் தருகிறது: 100 மில்லிஆம்பியருக்கு 5 மில்லிஆம்பியர் கொடுத்தால் கலெக்டர்–எமிட்டர் மின்னழுத்தம் அதிகபட்சம் 0.6 வோல்ட். அதன்படி நம் ரிலேக்கு 3.5 மில்லிஆம்பியர் பேஸ் மின்னோட்டம் தேவை. சுவிட்சாகப் பயன்படுத்தும்போது கெயின் எண்ணை நம்பக் கூடாது. 2என்5089-ஐ இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம், ஏனெனில் பல தயாரிப்பாளர்கள் அதற்கு 50 மில்லிஆம்பியரையே உச்ச வரம்பாக வைத்திருக்கிறார்கள். எம்பிஎஸ்ஏ13-க்கு 0.1 மில்லிஆம்பியர் பேஸ் மின்னோட்டமே 100 மில்லிஆம்பியரை ஓட்டிவிடும். ஆனால் அதன் மீது 1.5 வோல்ட் வரை தங்கிவிடலாம். அப்போது சுருளுக்கு 3.5 வோல்ட்தான் மிஞ்சும். இத்தகைய ரிலேக்கள் இயங்கத் தொடங்கக் கேட்பதோ தம் மின்னழுத்தத்தில் 75 சதவீதம், அதாவது 3.75 வோல்ட். மேசை மேல் வேலை செய்யும் இந்தச் சுற்று, வேறொரு தொகுதி டிரான்சிஸ்டர் வந்ததும் அடம்பிடிக்கக்கூடும். இதே இடத்தில் இன்னொரு டார்லிங்டனான பிசி517-க்கு இழப்பு அதிகபட்சம் 1 வோல்ட் என்பதால் அது தேறிவிடும். 12 வோல்ட் ரிலேயாக இருந்தால் இந்தக் கவலையே இல்லை. எதைப் பயன்படுத்தினாலும் சுருளின் குறுக்கே ஒரு டயோடு அவசியம்.

மைக் முன்பெருக்கி போன்ற இடங்களில் நிலைமை தலைகீழ். 100 மைக்ரோஆம்பியரில் ஓடும் 2என்5089-இன் எமிட்டர் உள்மின்தடை சுமார் 260 ஓம். அதைக் கெயின் 400-ஆல் பெருக்கினால் உள்ளீட்டு மின்தடை ஒரு லட்சம் ஓமைத் தாண்டும். மூல சிக்னல் அதிகம் தாழாது. அதன் இரைச்சல் எண் (டிரான்சிஸ்டர் தானாகச் சேர்க்கும் இரைச்சலின் அளவு) அதிகபட்சம் 2 டெசிபெல் என்றும், பிசி547-க்கு 10 டெசிபெல் என்றும் டேட்டாஷீட்டுகள் சொல்கின்றன. இவை வெவ்வேறு மூல மின்தடையிலும் அலைவெண் பட்டையிலும் அளந்தவை என்பதால் எட்டு டெசிபெல் வேறுபாட்டை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும் 2என்5089-இன் முன்னிலை உண்மையே. அது கிடைக்காவிட்டால், பிசி547 குடும்பத்திலேயே இரைச்சலுக்கென்று தேர்ந்த பிசி550சி-யை நான் தயங்காமல் எடுப்பேன்.

கெயின் இலவசமாக வருவதில்லை. பேஸ் பகுதியை மெல்லியதாக்கிக் கெயினை உயர்த்தும்போது தாங்கும் மின்னழுத்தம் குறைகிறது. பிசி547 தாங்குவது 45 வோல்ட். 2என்5089-இன் உடன்பிறப்பான 2என்5088 தாங்குவது 30. அதைவிடக் கெயின் கூடிய 2என்5089 தாங்குவதோ 25 வோல்ட் மட்டுமே. பேஸ்–எமிட்டர் சந்திப்பின் எதிர்த்திசை வரம்பு பிசி547-க்கு 6 வோல்ட்; 2என்5089-க்குச் சில டேட்டாஷீட்டுகளில் 3 வோல்ட்தான். அந்த வரம்பு மீறப்பட்டால் டிரான்சிஸ்டர் உடனே சாகாமல், கெயின் குறைந்து இரைச்சல் கூடிய நிலையில் தொடர்ந்து வேலை செய்யும் என்பதால் பழுதைக் கண்டுபிடிப்பது கடினம்.

எம்பிஎஸ்ஏ13-இன் உண்மையான இடம் தண்ணீர் மட்டம் உணர்த்தும் கம்பி, தொடு சுவிட்ச் போன்றவை. 12 வோல்ட்டிலிருந்து 10 லட்சம் ஓம் வழியாகப் பேஸுக்கு வருவது 10 மைக்ரோஆம்பியர்தான். பிசி547சி அதை நாலைந்து மில்லிஆம்பியராக்கி ஓர் எல்இடியை ஏற்றும். எம்பிஎஸ்ஏ13 பஸ்ஸரையே ஒலிக்கச் செய்யும். இரண்டு டிரான்சிஸ்டர்களைத் தொடுக்கும் இந்த அமைப்புக்கு பெல் ஆய்வகத்தின் சிட்னி டார்லிங்டன் 1953-இல் காப்புரிமை பெற்றார். இந்த உணர்திறன் ஈரம் படிந்த பலகையின் கசிவையும், 10 டிகிரிக்கு ஏறத்தாழ இரு மடங்காகும் டிரான்சிஸ்டரின் சொந்தக் கசிவையும் சேர்த்தே பெருக்கும். எனவே பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் போடுவது நல்லது. வேகமாக அணைக்க வேண்டிய இடத்துக்கும் டார்லிங்டன் சரிவராது.

வெப்பக் கணக்கையும் கவனிக்க வேண்டும். எம்பிஎஸ்ஏ13-க்கு 500 மில்லிஆம்பியர் என்று எழுதியிருக்கலாம், 1.5 வோல்ட் இழப்பில் அது 750 மில்லிவாட் ஆகி 625-ஐத் தாண்டிவிடும். பெட்டிக்குள் 55 டிகிரி இருந்தால், டிகிரிக்கு 5 மில்லிவாட் கழித்து 475 மில்லிவாட்தான் மிஞ்சும்.

வாங்கும்போது பிசி547 என்று மட்டும் கேட்டால் கெயின் 110-இலிருந்து 800 வரை எதுவும் வரலாம். கடைசி எழுத்தைப் பார்த்து வாங்க வேண்டும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை மாற்றுபவர் கால் வரிசையையும் பார்க்க வேண்டும்: தட்டையான முகம் நம்மை நோக்கியிருக்க, பிசி547 இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர், 2என்5089-உம் எம்பிஎஸ்ஏ13-உம் எமிட்டர், பேஸ், கலெக்டர். திருப்பாமல் 2என்5089-ஐச் சொருகினால், சில டேட்டாஷீட்டுகளின்படி 3 வோல்ட் மட்டுமே தாங்கும் பேஸ்–எமிட்டர் சந்திப்பின் மீது சப்ளை மின்னழுத்தம் முழுவதும் விழும்.