விசிறியா, முட்டை திருப்பியா? வீட்டு இன்குபேட்டர்கள் குறித்த ஓர் ஒப்பீடு

கோழி முட்டைகளை வீட்டிலேயே இன்குபேட்டரில் பொரிக்க வைக்க விரும்புகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த வகைப் பெட்டியை வாங்குவது என்பதாகும். எல்லா வசதிகளும் கொண்ட பெட்டியில் உள்காற்றைச் சுழற்றும் விசிறியும் முட்டைகளைத் தானாகத் திருப்பும் அமைப்பும் சேர்ந்தே இருக்கும். சிறிய, எளிய பெட்டிகளிலோ பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றைத்தான் எதிர்பார்க்க முடியும்: விசிறி இருந்தால் முட்டைகளைக் கையால் திருப்ப வேண்டும், திருப்பி இருந்தால் உள்ளே காற்று அசையாது. புதிதாகத் தொடங்குகிறவர்களின் கண் திருப்பியின் மேல் விழுவது இயல்பே. நாளுக்குப் பல முறை மூடியைத் திறந்து முட்டைகளைப் புரட்டும் சிரமம் வாங்கும்போதே மனத்தில் தெரிந்துவிடுகிறது. காற்று அசையாததால் விளையும் கேடு 21 நாள் காத்திருந்த பிறகே தெரிய வருகிறது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் விசிறியையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை, இவ்விரு பெட்டிகளுக்கும் மூத்த போட்டியாளரான அடைக்கோழியையும் உடன் வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

விசிறி இல்லாத பெட்டியில் சூடான காற்று மேலே தங்கும். குளிர்ந்த காற்று அடியில் படியும். ஒரு முட்டையின் உயரம் அளவுக்குள்ளேயே, மேல்பக்கத்திற்கும் கீழ்ப்பக்கத்திற்கும் இடையே உணரத்தக்க வெப்ப வேறுபாடு உண்டாகிறது. இதனால்தான் இரு வகைப் பெட்டிகளுக்கும் வெவ்வேறு வெப்ப அளவு சொல்லப்படுகிறது. விசிறி ஓடும் பெட்டியில் எங்கு அளந்தாலும் 37.5 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். விசிறியற்ற பெட்டியில், படுக்கவைத்த முட்டையின் மேல்விளிம்பு மட்டத்தில் 38.5 முதல் 39 டிகிரி வரை இருந்தால்தான் முட்டையின் நடுப்பகுதி ஏறக்குறைய அதே 37.5 டிகிரியை எட்டும். வெப்பமானியை ஒரு விரல் அகலம் கீழே வைத்துவிட்டு அதே 39 டிகிரிக்குப் பெட்டியைத் திருகியவர், தம்மை அறியாமலே முட்டைகளை அளவுக்கு மீறிச் சூடாக்கிக்கொண்டிருப்பார். எண் சரியாகத்தான் இருக்கும். அளந்த இடம் தவறியிருக்கும்.

முட்டைக்குள் வளரும் கரு குளிரைவிடச் சூட்டுக்கே எளிதில் பலியாகிறது. சில மணி நேரம் வெப்பம் குறைந்தால் பொரிப்பு தாமதமாகும். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி நீடித்தாலோ கரு இறக்கத் தொடங்கும். இடைப்பட்ட அளவில் சூடு சற்றே மிகுந்திருந்தால் குஞ்சுகள் 19, 20-ஆம் நாளிலேயே, தொப்புள் சரியாக மூடாமல், நலிந்து வெளிவரும். சூடு சற்றே குறைந்திருந்தால் 22, 23-ஆம் நாளில், வயிறு உப்பி, காலூன்றத் தடுமாறும் குஞ்சுகள் வரும். விசிறியற்ற பெட்டியில் இவ்விரண்டும் ஒரே அடையிலேயே நிகழக்கூடும், ஏனெனில் பெட்டியின் நடுவில் ஒரு வெப்பமும் ஓரங்களில் வேறொரு வெப்பமும் இருக்கும். நான் முதலில் பயன்படுத்திய பெட்டி அத்தகையது. ஒவ்வொரு முட்டையின் மேலும் அது இருந்த இடத்தின் எண்ணைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன். பொரிக்காமல் நின்ற முட்டைகளை எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவை ஒரே பக்கச் சுவரை ஒட்டி வைக்கப்பட்டவை. முட்டைகளில் குறையில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

இந்த வேறுபாடு பிற்பாதியில் இன்னும் கூர்மையாகிறது. ஏறக்குறைய 10-ஆம் நாளுக்குப் பிறகு கருவே வெப்பத்தை வெளியிடத் தொடங்குகிறது. கடைசி வாரத்தில் முட்டை தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும். நெருக்கமாக முட்டைகள் அடுக்கப்பட்ட பெட்டியில் அந்த மிகைச் சூட்டை வாரி எடுத்துச் செல்ல நகரும் காற்று வேண்டும். கரு மூச்சுவிடும் தேவையும் இதே காலத்தில்தான் வேகமாகக் கூடுகிறது. ஓட்டின் நுண்துளைகள் வழியே உயிர்வளி உள்ளே போகவும் கரியமில வளி வெளியேறவும் பெட்டியில் புதுக்காற்று வந்துகொண்டே இருக்க வேண்டும். காற்றுத்துளைகளைத் திறந்து வைத்தால் விசிறியற்ற பெட்டியிலும் இது ஓரளவு நடக்கும் என்பது உண்மையே. ஆனால் அங்கே துளையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்வெப்பத்தின் பரவலும் மாறிவிடுவதால், ஒன்றைச் சரிசெய்யப் போய் மற்றொன்றைக் கெடுத்துக்கொள்ளும் நிலை வந்துவிடுகிறது.

இனித் திருப்பியைப் பார்க்கலாம். திருப்பாமல் விட்டால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும் என்பதைப் பலரும் அறிவார்கள். அதைவிட முக்கியமான இன்னொரு காரணமும் உண்டு. கருவுக்கு மூச்சும் ஊட்டமும் தரும் குருதிக்குழாய்ச் சவ்வு, 12-ஆம் நாள் வாக்கில் ஓட்டின் உட்பக்கம் முழுவதும் படர்ந்திருக்க வேண்டும். திருப்பாத முட்டையில் அது பாதியிலேயே தேங்கிவிடும், வெள்ளைக்கருவும் முழுமையாக உறிஞ்சப்படாமல் தங்கிவிடும். ஆகவே திருப்புதல் விட்டுவிடக்கூடிய சடங்கு அல்ல. தானியங்கித் திருப்பி வழக்கமாக மணிக்கு ஒரு முறை, முட்டையை நேர்நிலையிலிருந்து 45 டிகிரி ஒரு பக்கமும் பிறகு 45 டிகிரி மறுபக்கமும் சாய்க்கிறது. கையால் அவ்வளவு முறை யாராலும் செய்ய முடியாது. செய்யத் தேவையும் இல்லை. நாளுக்கு மூன்று முறை திருப்பினாலே நல்ல பொரிப்பு கிடைக்கும். ஐந்து முறை என்றால் மேலும் நன்று. ஒற்றைப்படை எண்ணாக வைத்துக்கொள்வதற்குக் காரணம் எளியது: நீண்ட இரவு முழுவதும் முட்டை கிடக்கும் பக்கம் ஒவ்வொரு நாளும் மாறி வர வேண்டும். ஓட்டின் ஒரு பக்கத்தில் பெருக்கல் குறியும் எதிர்ப்பக்கத்தில் வட்டமும் போட்டு வைத்தால் எந்த முட்டை விடுபட்டது என்ற குழப்பம் வராது.

திருப்புதலின் தேவை 21 நாளும் ஒரே அளவில் இல்லை என்பதையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். முதல் வாரத்தில்தான் அது உயிர்நாடி. இரண்டாவது வாரத்தின் முடிவுக்குப் பிறகு அதன் பயன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. 18-ஆம் நாளில் அறவே நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் குஞ்சு அப்போது வெளிவருவதற்கேற்ற நிலையில் தன்னை அமைத்துக்கொண்டிருக்கும். அப்படியானால் திருப்பி என்ற கருவி நமக்கு மிச்சப்படுத்திக் கொடுப்பது இரண்டு வாரத்துக்கும் சற்று அதிகமான காலத்தின் கைவேலையை. விசிறியோ முதல் மணி நேரம் முதல் கடைசிக் குஞ்சு உலரும் வரை வேலை செய்கிறது, அதன் வேலையைக் கையால் செய்யவே முடியாது. என் தீர்ப்பு நிற்பது இந்த ஒரு கணக்கின் மீதுதான்.

மூடியை அடிக்கடி திறந்தால் சூடும் ஈரமும் போய்விடுமே என்பது கைத்திருப்பலுக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம். இதற்கு அடைக்கோழியே பதில் சொல்கிறது. அது பொதுவாக நாளுக்கு ஒரு முறையாவது தீவனத்துக்கும் நீருக்கும் எழுந்து போகிறது. அந்த இடைவெளியில் முட்டைகளின் மேற்பரப்பு குளிரத்தான் செய்கிறது, ஆனாலும் கருவுக்குத் தீங்கு நேர்வதில்லை. முட்டை ஓடு, வெள்ளைக்கரு இரண்டும் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால், காற்று குளிர்ந்த வேகத்தில் கரு குளிராது. சில நிமிடங்களில் வேலையை முடித்து மூடிவிட்டால், விசிறியுள்ள பெட்டி விரைவில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். விசிறியற்ற பெட்டி மீள்வதற்கு அதைவிட நேரமாகும் என்பதால், அங்கே கைத்திருப்பலின் விலை சற்று அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அதற்காக விசிறியற்ற பெட்டிக்குள் திருப்பியைப் பொருத்துவது நல்ல தீர்வாகிவிடாது. பல திருப்பிகள் முட்டைகளை அகன்ற முனை மேலே இருக்கும்படி நிமிர்த்தி நிறுத்துகின்றன. படுத்த முட்டையைவிட நின்ற முட்டை உயரமானது. அதன் தலைப்பகுதி சூடான மேலடுக்குக்குள்ளும் கூர்முனை குளிர்ந்த கீழடுக்குக்குள்ளும் நீண்டிருக்கும். திருப்பியின் மோட்டாரும் தன் பங்குக்குச் சிறிது வெப்பத்தை ஓரிடத்தில் விடுகிறது. எனவே படுக்கவைத்த முட்டைகளுக்காகச் சரிசெய்த வெப்ப அளவை அப்படியே வைத்துக்கொண்டு திருப்பியை உள்ளே நுழைத்தால் கணக்கு முழுவதும் தவறிப்போகும். கடைகளில் கவர்ச்சியாகத் தோன்றும் இந்தச் சேர்க்கையே மூன்றிலும் மிகக் கவனத்தைக் கேட்பது என்று சொல்வேன்.

ஈரப்பதத்தில் விசிறிக்கு ஒரு குறை உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. முதல் 18 நாளில் 45 முதல் 55 விழுக்காடு, கடைசி மூன்று நாளில் 65 முதல் 70 விழுக்காடு என்பது இரு வகைகளுக்கும் பொதுவான அளவு. குஞ்சு ஓட்டில் முதல் துளையிட்ட பிறகு பெட்டியில் ஈரம் குறைந்துவிட்டால், வீசும் காற்று சவ்வை விரைந்து உலர்த்திக் குஞ்சின் மேல் இறுக ஒட்டவைத்துவிடும். குஞ்சு உள்ளேயே திரும்ப முடியாமல் நின்றுவிடும். அசையாத காற்றில் இந்த ஆபத்து சற்றுக் குறைவு. ஆயினும் 18-ஆம் நாளில் நீர்த்தட்டுகளை நிரப்பி மூடிய பிறகு ஆவலை அடக்கி மூடியைத் தொடாமல் இருந்தால் விசிறியுள்ள பெட்டியிலும் இது நேராது. முதல் துளைக்கும் குஞ்சு வெளிவருவதற்கும் இடையே 12 முதல் 24 மணி நேரம் ஆவது இயல்பு. பொரித்த குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள்கருவைக் கொண்டு இரண்டு நாளுக்கு மேலும் தீவனமின்றித் தாங்கும். அவசரமாகத் திறந்து பார்க்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

ஈரப்பதமானி காட்டும் எண்ணை விடவும் முட்டையின் எடையை நம்பலாம். 18 நாளில் முட்டை தன் எடையில் ஏறக்குறைய 12 விழுக்காட்டை நீராவியாக இழக்க வேண்டும். அப்போதுதான் அகன்ற முனையிலுள்ள காற்றறை, குஞ்சு முதல் மூச்சு விடும் அளவுக்குப் பெரிதாகும். 60 கிராம் முட்டைகள் 12 வைத்தால் மொத்தம் 720 கிராம்; 18-ஆம் நாளுக்குள் 86 கிராம் குறைய வேண்டும், 6-ஆம் நாளில் சுமார் 29 கிராம் குறைந்திருக்க வேண்டும். அதைவிட அதிகமாகக் குறைந்தால் நீரைக் கூட்டுவதும், குறைவாக இழந்திருந்தால் நீரைக் குறைப்பதும் போதும். தண்ணீரே வைக்காமல் 18 நாள் ஓட்டும் முறையைச் சிலர் பெரிதும் பரிந்துரைக்கிறார்கள். காற்று இயல்பாகவே ஈரமாக உள்ள இடத்தில் அது சரியாக வரும். வறண்ட காற்றுள்ள இடத்தில் அதே முறை முட்டைகளை வற்றடித்துவிடும். தராசு வைத்திருப்பவருக்கு இந்த விவாதமே தேவைப்படாது.

அடைக்கோழியைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல கோழி ஒன்று 10, 12 முட்டைகளை மின்சாரமின்றிப் பொரித்து, குஞ்சுகளையும் தானே வளர்த்துவிடும். அதன் உடல் முட்டைக்கு மேலிருந்துதான் சூடு தருகிறது. அடியில் முட்டை குளிர்ந்தே இருக்கும். விசிறியற்ற பெட்டியை ஆதரிப்பவர்கள் இதைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் கோழி முட்டைகளை அலகால் புரட்டி, ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கிறது. அசையாத பெட்டியில் அதைச் செய்ய யாருமில்லை. விசிறியற்ற பெட்டியையே வைத்திருப்பவர் திருப்பும்போது முட்டைகளின் இடத்தையும் மாற்றினால் பொரிப்பு சீராகும். மற்றபடி, கோழி நாம் விரும்பும் நாளில் அடைக்கு உட்காராது. உட்கார்ந்தாலும் பாதியில் எழுந்துவிடக்கூடும். இன்குபேட்டரின் தேவை அங்கிருந்துதான் பிறக்கிறது.

மூன்று வழிகளுக்கும் பொதுவானவை சில. முட்டைகள் சேகரித்து ஏழு நாளுக்குள் வைக்கப்பட வேண்டும். அதுவரை 12 முதல் 18 டிகிரியில், கூர்முனை கீழே இருக்கும்படி வைத்திருக்க வேண்டும். குளிர்ந்த நீரில் கழுவக் கூடாது. 7-ஆம் நாள் இருட்டில் விளக்கைப் பிடித்துப் பார்த்து, சிலந்தி வலைபோல் நரம்பு ஓடாதவற்றையும் குருதி வளையம் தெரிபவற்றையும் அகற்றிவிட வேண்டும். கூமுட்டை உள்ளே அழுகி வெடித்தால் மற்ற முட்டைகளும் கெடும்.

விசிறியற்ற பெட்டியை ஏற்கெனவே வைத்திருப்பவர் அதைத் தூக்கி எறிய வேண்டாம். கணினியில் பயன்படும் 12 வோல்ட் சிறு விசிறி ஒன்றை, முட்டைகளின் மேல் நேராக வீசாதபடி மூடியின் உட்புறத்தில் பொருத்தினாலே பெரும்பாலான பெட்டிகள் சீராகிவிடும். பொருத்தியதும் தெர்மோஸ்டாட்டை 37.5 டிகிரிக்கு இறக்க வேண்டும். பழைய அளவிலேயே விட்டுவிட்டால் முட்டைகள் ஒட்டுமொத்தமாகச் சூடேறும். வெப்பமானியை, வெதுவெதுப்பான நீரில் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியோடு சேர்த்து வைத்து ஒப்பிடலாம். ஈரப்பதமானியை, சில துளி நீரில் நனைத்த உப்போடு ஒரு பைக்குள் காற்றுப் புகாமல் மூடி, 12 மணி நேரம் கழித்துப் பார்த்தால் 75 விழுக்காடு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எத்தனை விலகுகிறதோ அதைக் குறித்துக்கொண்டு எப்போதும் கழித்தோ கூட்டியோ படிக்க வேண்டும். பிறகு பெட்டியை ஒரு முழு நாள் வெறுமையாக ஓட்டி, நடுவிலும் நான்கு மூலைகளிலும் அளந்து, ஐந்து இடங்களும் ஒரே வெப்பத்தைக் காட்டிய பின்னரே முட்டைகளை உள்ளே வைக்க வேண்டும்.