பழைய நட்சத்திரம் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி சாஃப்ட்பால் முகாம்: காசுக்குத் தேறுமா?

அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பால் (பேஸ்பாலை ஒத்த, பந்தைக் கீழ்க்கையாக வீசி ஆடும் ஆட்டம்) அணிகள் பள்ளி மாணவிகளுக்கு நடத்தும் முகாம்களின் விளம்பரத்தில் ஒரு பழைய நட்சத்திரத்தின் படத்தை அடிக்கடி பார்க்கலாம். கழுத்தில் பதக்கம், கீழே ‘உதவிப் பயிற்சியாளர், பிட்ச்சிங்’ என்று பதவி. பெற்றோர் பலர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பணம் கட்டுகிறார்கள். பந்து வீசும் பிட்ச்சர், அதைப் பிடிக்கும் கேட்ச்சர் இரு தரப்புக்கும் மட்டும் தனியாக நடத்தும் அரை நாள் முகாம் என்றால் தயங்காமல் கட்டலாம். பிட்ச்சர், கேட்ச்சர், மற்ற ஆட்டக்காரர் எல்லாரையும் ஒரே மைதானத்தில் இறக்கிவிடும் முழு நாள் முகாம் பெரும்பாலும் காசுக்குத் தேறாது. இரண்டிலும் அதே நட்சத்திரம்தான் நிற்பார். அவர் கண் உங்கள் பிள்ளைமேல் எத்தனை நிமிடம் விழுகிறது என்பதுதான் கணக்கு.

கல்லூரி ஆட்டத்தின் உச்சப் பிரிவான முதல் டிவிஷன் அணிகளில் தலைமைப் பயிற்சியாளரையும் சேர்த்து நான்கு பேர் பயிற்சி கொடுக்கலாம். 2023 ஜூலை வரை அந்த நான்காவது இடம் சம்பளமில்லாத தன்னார்வப் பதவியாக இருந்தது. அந்தப் பதவியையே, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு எடுத்துவிட்டது. வேலையைப் பிரித்துக்கொள்வது அணிக்கு அணி மாறும். வழக்கமாக ஒருவர் பிட்ச்சிங், ஒருவர் பேட்டிங், இன்னொருவர் ஃபீல்டிங். புது ஆட்களைத் தேடி வார இறுதிகளில் போட்டி போட்டியாக அலைவதும் இவர்கள் தலையில்தான். பிட்ச்சிங் பயிற்சியாளர் ஆட்டத்தின்போது அணி உட்காரும் டக்அவுட்டில் நின்றபடி பந்துக்குப் பந்து எண்ணைக் குரல் கொடுக்க, கேட்ச்சர் மணிக்கட்டுப் பட்டையில் இருக்கும் அட்டையைப் பார்த்து எந்தப் பந்து, எந்த மூலை என்று தெரிந்துகொள்வார். அடிப்பவரின் கால் வைப்பையும் பிட்ச்சரின் தோளையும் ஒரே பார்வையில் படிக்கும் பழக்கம் இந்த வேலையில்தான் வருகிறது. முகாமில் நீங்கள் வாங்க வேண்டிய சரக்கு அது.

இந்த வழியில் வந்தவர்கள் சாதாரணப் பெயர்கள் இல்லை. லாஸ் ஏஞ்சலஸின் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்காக 93 வெற்றி, 7 தோல்வி என்று பந்து போட்ட லிசா ஃபெர்னாண்டஸ் 1996, 2000, 2004 என மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். தான் ஆடிய அதே கல்லூரியில் நீண்ட காலம் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 2,265 ஸ்டிரைக்அவுட் (பேட்டரைப் பந்தை அடிக்கவிடாமலேயே வெளியேற்றுவது) எடுத்த கேட் ஆஸ்டர்மன், டெக்சஸ் ஸ்டேட்டில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர்; தேசிய அணிக்குத் திரும்பி டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார். அரிசோனாவின் அவுட்ஃபீல்டர் கெய்ட்லின் லோ அங்கேயே உதவிப் பயிற்சியாளராகி, 2021இல் மைக் கேண்ட்ரியா ஓய்வு பெற்றபோது தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

ஆனால் நன்றாக ஆடியவர் எல்லாரும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று நம்ப வேண்டாம். ஆஸ்டர்மன் ஆறடியைத் தாண்டிய இடதுகை பிட்ச்சர்; ஃபெர்னாண்டஸ் அத்தனை உயரம் இல்லாத வலதுகை. ஒருவருக்குப் பொருந்தும் கால் வீச்சு அடுத்தவருக்குப் பொருந்தாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இருவருடையதுமே பொருந்தாது. ‘நான் ஆடும்போது இப்படித்தான் போடுவேன்’ என்று ஆரம்பித்து அதிலேயே நிற்கும் பயிற்சியாளரிடம் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. முதல் பத்துப் பந்துக்கு வாயைத் திறக்காமல் பக்கவாட்டில் நின்று பார்க்கிறாரா, அவர் சரியான ஆள்.

முகாமின் தரத்தைக் காட்டும் முதல் விஷயம், பிட்ச்சர் நிற்கும் இடத்திலிருந்து பேட்டர் பக்கத்து ஹோம் தட்டு வரை உள்ள தூரம். பத்து வயதுக்குட்பட்டோருக்கு 35 அடி, 11 அங்குலச் சுற்றளவுப் பந்து. பன்னிரண்டுக்குட்பட்டோருக்கு 40 அடி, 12 அங்குலப் பந்து. பதினான்கு வயதுப் பிரிவிலிருந்து கல்லூரி வரை 43 அடி. கூட்டம் அதிகமான முகாமில் எல்லாரையும் 43 அடியில் வரிசையாக நிறுத்திவிடுவார்கள். சின்னப் பிள்ளை பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க உடம்பை முன்னால் சாய்த்து, தோளால் தள்ள ஆரம்பிக்கும். மாதக்கணக்கில் பழகிய நிமிர்ந்த நிலை ஒரே மதியத்தில் கெடும். மறுநாள் தோளின் முன்பக்கம் வலிக்கும். தூரத்தை வயதுக்குத் தக்கபடி பிரித்து, தரையில் பிட்ச்சர் கால் வைக்கும் தட்டைத் தனித்தனியாகப் போட்டிருக்கிறார்களா என்று போனதும் பாருங்கள்.

அடுத்தது கை. நல்ல பயிற்சியாளர் வலைக்குப் பதினைந்து அடி முன்னால் நிறுத்தி, கை தலைக்கு மேல் போன நிலையிலிருந்து இறக்கி விடச் சொல்லித் தொடங்குவார். கை கீழே வரும்போது முன்கை இடுப்பின் பக்கத்தை லேசாக உரச வேண்டும். அந்த உரசலில் மேல்கை வேகம் குறைய, முன்கை சாட்டை மாதிரி சுழன்று உள்பக்கம் திரும்புகிறது. பந்தின் வேகத்தில் பெரும் பங்கு அங்கே பிறக்கிறது. முழங்கையை விறைப்பாக நீட்டியபடி சுற்றினால் சுழற்சி வராது, பாரம் முழுக்கத் தோளில் இறங்கும்.

இங்கேதான் பழைய பாடம் குறுக்கே வருகிறது. பந்தை விட்டதும் முழங்கையை முகத்துக்கு நேரே தூக்கி முடிக்கச் சொல்லும் ‘ஹலோ எல்போ’ இன்னும் பல முகாம்களில் உயிரோடு இருக்கிறது. முழங்கை மேலே போகும் நேரத்தில் பந்து கையை விட்டுப் போயாகிவிட்டது. அந்த முடிப்பு வேகத்தைக் கூட்ட வழியே இல்லை. அந்த நிலைக்கு வர முயன்று பிள்ளைகள் உள்ளங்கையைப் பந்துக்குப் பின்னால் வைத்துத் தள்ளுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இதைச் சொல்லிக்கொடுக்கும் நட்சத்திரங்கள் சிலரின் பழைய ஆட்டக் காட்சிகளை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் அவர்கள் அப்படிப் போட்டதே இல்லை. முழங்காலிட்டு வெறும் மணிக்கட்டை மட்டும் சொடுக்கும் பயிற்சிக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தால், அந்தப் பதினைந்து நிமிடம் வீண் என்றே கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

கால் விஷயத்தில் பார்க்க வேண்டியது தரையில் இருக்கும் கோடு. தட்டின் நடுவிலிருந்து கேட்ச்சரை நோக்கிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, முன்கால் அதன்மேல் அல்லது ஒட்டி விழுகிறதா என்று பார்ப்பார்கள். வலதுகை பிட்ச்சர் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் மிதித்தால், அவர் இடுப்பே கை வரும் வழியை அடைத்துக்கொள்ளும். கை சுற்றிக்கொண்டு வர வேண்டியிருப்பதால் பந்து பக்கவாட்டில் ஓடும். பிள்ளையோ விரலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கும். முன்பாதம் ஏறத்தாழ 45 பாகை திரும்பி விழ வேண்டும். முன்முழங்கால் ரொம்ப மடங்கினால், தள்ளிய பலம் முன்னால் வழிந்து போய்விடும். கால் விறைப்பாக ஊன்றித் தடுத்தால்தான் அது கைக்கு ஏறும். பின்கால் இழுபட்டு வர வேண்டும். கல்லூரி ஆட்டத்தில் இப்போது இரண்டு காலும் தரையைவிட்டு எழும்பினாலும் பரவாயில்லை. ஆனால் பின்காலை மறுபடி ஊன்றி இரண்டாம் முறை உந்தினால் அது விதிமீறல். இந்தப் பழக்கம் பிள்ளைக்கு இருக்கிறதா என்று முகாமில் கேட்டுவிடுங்கள். போட்டியில் அம்பயர் சொல்லித் தெரிவதைவிட அது மேல்.

சுழற்சிப் பாடம்தான் நட்சத்திரத்தின் உண்மையான மதிப்பு தெரியும் இடம். பந்தைச் சுற்றி ஒரு கறுப்பு டேப் ஒட்டினால் போதும், வேறு கருவி வேண்டாம். மேலே எழுவது போலத் தோன்றும் ரைஸ்பால் சரியாகப் பின்னோக்கிச் சுழன்றால் டேப் ஒரே கோடாகத் தெரியும். பள்ளி வயதில் ‘ரைஸ்’ என்று போடப்படும் பந்துகளில் நிறைய, துப்பாக்கிக் குண்டு போலச் சுழல்பவை. பிட்ச்சர் பக்கமிருந்து பார்த்தால் நடுவில் ஒரு புள்ளி சுற்றுவது தெரியும். அது உயரத் தொடங்கி உயரமாகவே, வளையாமல் போகும். நல்ல பேட்டருக்கு அது பரிசு. சரியான ரைஸ்கூட உண்மையில் மேலே ஏறுவதில்லை. பின்சுழற்சியால் கண் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகக் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். இதை மறைக்காமல் சொல்லி, ‘முதலில் சேஞ்ச்அப்பும் (மெதுவான பந்து) டிராப்பும் (கீழே இறங்கும் பந்து) சரியாகட்டும்’ என்று ரைஸைத் தள்ளிப்போடும் பயிற்சியாளர் கிடைத்தால் விடாதீர்கள்.

சேஞ்ச்அப்பில் கவனிக்க வேண்டியது கை வேகம். 60 மைல் வேகத்தில் பந்து போடும் பெண்ணுக்கு சேஞ்ச்அப் 45 பக்கம் இருக்கலாம்; ஆனால் கை சுற்றும் வேகம் துளியும் குறையக் கூடாது. கையை மெதுவாக்கிப் பந்தை மெதுவாக்கினால், பந்து விடுபடும் முன்பே பேட்டருக்குச் செய்தி போய்விடுகிறது. வேகம் அளக்கும் ரேடார் கன்னை எல்லார் கண்ணிலும் படும்படி பலகையோடு வைக்கும் முகாமில் இந்தப் பாடம் நடக்காது. எண்ணைப் பார்த்ததும் பிள்ளைகள் எல்லாரும் முழு மூச்சில் வீசுவார்கள், திருத்தம் காற்றில் போகும். நொடிக்கு 240 படம் எடுக்கும் போன் அதைவிட உருப்படி. படம் எடுக்க அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கேட்ச்சர்களுக்கான பகுதி சுமார். இரண்டாம் பேஸுக்கு எறிய ஏறத்தாழ 85 அடி. பந்து கையுறையில் பட்டதிலிருந்து அங்கே போய்ச் சேர எத்தனை நொடி என்று கடிகாரத்தில் பிடிப்பார்கள். ஆனால் நேரம் குறைவது கை பலத்தால் என்பதைவிடப் பந்தைக் கையுறையிலிருந்து மாற்றுவதாலும் கால் நகர்வதாலும்தான். அதைப் பிரித்துச் சொல்ல ஆள் இல்லையென்றால் அந்த எண்ணால் பயனில்லை.

பேட்டிங் முழு நாள் முகாமின் பலவீனமான பகுதி. 65 மைல் பந்துக்கு பேட்டர் கையில் இருப்பது சுமார் 0.4 நொடி. அந்த நேரத்தைப் பிட்ச்சரின் கை சுற்றிவருவதைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். பந்து வீசும் இயந்திரத்தில் சுற்றும் கை கிடையாது, பந்து திடீரென்று வெளியே வரும். அதற்கு முன்னால் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்று ஆளுக்கு ஐந்து பந்து அடிப்பது என்றால், பதினைந்து நிமிடத்தில் பெரும்பகுதி நிற்பதிலேயே கழியும். தடுப்பு வலைக்குப் பின்னாலிருந்து ஆள் பந்து போட்டுக்கொடுக்கும் முகாம் எவ்வளவோ மேல்.

‘எலைட்’, ‘அழைப்பு’ என்று வரும் மின்னஞ்சல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. என்.சி.ஏ.ஏ. விதிப்படி இந்த முகாம்கள் எல்லாருக்கும் திறந்தவை. எண்ணிக்கை, வயது, வகுப்பு, பாலினம் தவிர வேறு எதை வைத்தும் ஆளை விலக்க முடியாது. எனவே அந்த அழைப்பு வந்ததாலேயே அணி உங்கள் பெண்மேல் கண் வைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் டிவிஷனில், பதினொன்றாம் வகுப்பின் செப்டம்பர் 1க்கு முன் பயிற்சியாளர்கள் சேர்க்கை பற்றிப் பேசவே கூடாது. முகாமில் நேருக்கு நேர் நின்றாலும் அதே விதிதான். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் நட்சத்திரம் சிரித்துவிட்டு நகர்ந்தால் வருத்தப்பட ஒன்றுமில்லை, விதியை மதிக்கிறார். 2025-26 முதல் ஆட்டக்காரர்களுக்கு வருவாயில் பங்கு தரும் ஒப்பந்தத்தில் சேர்ந்த கல்லூரிகளில் சாஃப்ட்பால் அணிக்கு 25 பேர் என்ற வரம்பும் வந்திருக்கிறது. இடத்துக்காக முகாம் போவது என் பார்வையில் தவறான செலவு. திருத்தத்துக்காகப் போகலாம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்: ஒரு பிட்ச்சிங் பயிற்சியாளருக்கு எத்தனை பிட்ச்சர்கள்? ஆறுக்குள் இருந்தால் நல்லது, பத்தைத் தாண்டினால் வேண்டாம். படத்தில் இருப்பவர் அன்று முழு நேரமும் இருப்பாரா, அல்லது தொடக்கத்தில் பேசிவிட்டுப் போய்விடுவாரா? தனித்தனிப் பயிற்சி இடங்களில் நிற்பவர்கள் பெரும்பாலும் அணியின் இப்போதைய ஆட்டக்காரர்கள். நல்ல பிள்ளைகள்தான், ஆனால் கோளாறைக் கண்டுபிடிக்கும் பயிற்சி அவர்களுக்கு இருக்காது. கேட்ச்சரை நீங்களே கூட்டிவர வேண்டுமா? வேண்டுமென்றால் அவருக்கும் தனிக் கட்டணமா? மழை வந்தால் உள்ளரங்கமா, பணம் திரும்புமா? உள்ளரங்கம் என்றால் உலோகக் குமிழ் வைத்த காலணி ஆகாது, ரப்பர் அடி வேண்டும். பிட்ச்சருக்கு முகக் கவசம், பேட்டிங்குக்கு முகக்கம்பி வைத்த ஹெல்மெட் இரண்டையும் சொந்தமாகக் கொண்டுபோங்கள்.

முந்தைய இரண்டு நாளில் போட்டியில் பந்து போட்டிருந்தால் முகாமில் முழு வேகம் வேண்டாம் என்று பதிவு மேசையிலேயே சொல்லிவிடுங்கள். முடிந்தபின் கையில் ஏழெட்டுத் திருத்தங்கள் இருக்கும். கிளம்பும் முன் அந்தப் பயிற்சியாளரிடமே ‘இதில் முதலாவது எது?’ என்று பிள்ளையைக் கேட்கச் சொல்லி, அந்த ஒன்றை மட்டும் அடுத்த இரண்டு மூன்று வாரம் வலைக்கு முன்னால் பதினைந்து அடியில் செய்ய வையுங்கள். அது படிந்த பிறகு வயதுக்குரிய முழு தூரத்துக்குப் போகலாம்.