குளத்துப் பாசியா, தொட்டி பாக்டீரியாவா?

மகளின் அறிவியல் பாடத்துக்காகப் போத்தல் தண்ணீரில் கொஞ்சம் உரம் கலந்து, குளத்து நீரைச் சில சொட்டு விட்டு, மலேசியாவின் பினாங்கில் உள்ள பட்டர்வொர்த் வீட்டு ஜன்னலோரம் வைத்தோம். சில நாளில் தண்ணீர் முழுக்கப் பச்சை; வெயில் ஏறினால் உள்சுவரெங்கும் பொடிக் குமிழிகள். மின்நிலையப் புகையில் வரும் கரிவளியை (கார்பன் டை ஆக்சைடு) இப்படியே பாசிக்கு ஊட்டிப் பிடித்துவிடலாமே என்று எனக்கும் ஆசை வந்துவிட்டது.

சரி, கணக்குப் போட்டேன். ஒரு கிலோ உலர்ந்த பாசி விளைய ஏறக்குறைய 1.8 கிலோ கரிவளி வேண்டும். ஒரு சதுர மீட்டர் குளம் நாளுக்கு 20 கிராம் பாசி தந்தால் அது நல்ல விளைச்சல். அப்படிப் பார்த்தால் ஒரு ஹெக்டேர் ஆண்டுக்குச் சுமார் 130 டன் பிடிக்கும். 1,000 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் ஆண்டு முழுக்க ஓடினால் விடுவதோ கிட்டத்தட்ட 30 லட்சம் டன். அதற்கு 23,000 ஹெக்டேர் குளம் வேண்டும். பினாங்குத் தீவே 30,000 ஹெக்டேருக்குள்தான்!

மூடிய தொட்டியில் வாயு ஊட்டி வளர்க்கும் பாக்டீரியாவுக்கு இவ்வளவு நிலம் வேண்டாம், வெயிலும் வேண்டாம். முயல் புழுக்கையிலிருந்து பிரித்தெடுத்த கிளாஸ்ட்ரிடியம் ஆட்டோஎத்தனோஜீனம் என்ற பாக்டீரியா சீனாவில் 2018 முதல் எஃகு ஆலை வாயுவைத் தின்று வணிக அளவில் எத்தனால் தருகிறது. ஆனால் அதற்குச் சோறு அந்த வாயுவில் உள்ள கார்பன் மோனாக்சைடு. மின்நிலையப் புகையில் இருப்பது எரிந்து முடிந்த கரிவளி. அதைத் தின்ன ஹைட்ரஜனும் ஊட்ட வேண்டும். அந்த ஹைட்ரஜனை இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்தால், அங்கேயும் கரிவளிதான் வெளியேறும்.

இன்னொன்று: எத்தனாலை வண்டியில் எரித்தாலும், பாசியை மீனுக்குப் போட்டாலும், பிடித்த கரி காற்றுக்கே திரும்பும். பெட்ரோல் மிச்சமாவது உண்மையான லாபம். அதற்காகக் கரியைப் புதைத்துவிட்டதாகக் கணக்கு எழுதக்கூடாது.

என்னைக் கேட்டால், பினாங்கில் முதலில் நிபோங் திபால் பக்கத்துச் செம்பனை (பாமாயில் பனை) காட்டுக்குத்தான் போவேன். செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குளத்தில் நுண்ணுயிர்கள் ஓயாமல் மீத்தேன் விடுகின்றன. 100 ஆண்டுக் கணக்கில் அது கரிவளியைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும். திறந்த குளத்தை மூடி, வாயுவை எடுத்து எரித்தால் ஆலைக்கு மின்சாரம். அப்புறம் அந்தப் புகையைப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பாசிக் குளத்தில் விடலாம். நொதித்து முடிந்த நீரில் நைட்ரஜனும் பாஸ்பரசும் நிறைய இருக்கும். பாசிக்குத் தனியாக உரம் வாங்க வேண்டியதில்லை.